பாலின் கௌவர்: பிறரைப் பறக்க வைத்தவர்

1940 ஜனவரி 1 அன்று, லண்டனுக்கு வடக்கே உள்ள ஹாட்ஃபீல்ட் விமானத் தளத்தில் எட்டுப் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. அப்படிக் குளிர்ந்த ஜனவரியை இங்கிலாந்து பல பத்தாண்டுகளாகக் கண்டதில்லை. அவர்களுக்கு ஒதுக்கப்பட்டவை டைகர் மாத் பயிற்சி விமானங்கள். இரட்டை அடுக்கு இறக்கை, ஒற்றை எஞ்சின், ஓட்டுபவர் தலைக்கு மேலே கூரை கிடையாது. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் அந்த விமானங்களை ஸ்காட்லாந்து வரை ஓட்டிப்போய் விமானப்படையிடம் ஒப்படைத்துவிட்டு, இரவு ரயிலில் திரும்ப வேண்டும். எட்டுப் பேருமே பல நூறு மணி நேரம் பறந்து பழகியவர்கள். ஆனாலும் அதே வேலையைச் செய்த ஆண்களைவிட அவர்களுக்குச் சம்பளம் 20 சதவீதம் குறைவு.

அந்த எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தலைமை ஏற்றவர் பாலின் கௌவர். அப்போது அவருக்கு வயது 29.

நான் விமானத்துறைக்காரி இல்லை. தென்காசிப் பக்கத்தில் பிறந்து, மதுரையில் நர்சிங் படித்து, இப்போது இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் வார்டு மேனேஜராக இருக்கிறேன். வீடு மெய்டன்ஹெட்டில். ஊரின் பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள ஹெரிட்டேஜ் சென்டரின் மாடியில் ஒரு கண்காட்சி இருக்கிறது. போர்க்காலத்தில் விமானங்களை இடம் மாற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த ‘ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரி’ என்ற அமைப்பைப் பற்றியது. சுருக்கமாக ஏ.டி.ஏ. அதன் தலைமையகம் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, ஒயிட் வால்தம் புல்தரைத் தளத்தில் இருந்தது. வார்டின் பொறுப்பை ஏற்ற புதிதில், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று போன இடத்தில் பாலின் கௌவரைத் தெரிந்துகொண்டேன். அதன் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அவர் செய்த சில ஏற்பாடுகளை என் வார்டிலும் கொண்டுவந்தேன். ஒரு குழுவைப் பொறுப்பெடுத்து நடத்தும் யாருக்கும், முக்கியமாக ‘இவர்களால் முடியுமா’ என்ற சந்தேகப் பார்வைக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கு, இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ஏ.டி.ஏ. விமானப்படையின் உறுப்பு இல்லை. சீருடை அணிந்த சிவில் அமைப்பு. சண்டைக்குப் போகும் விமானிகளை விமானங்களை இடம் மாற்றும் வேலையில் வீணாக்காமல் இருக்க, வயது கடந்தவர்கள், உடற்குறை உள்ளவர்கள், பெண்கள் என்று விமானப்படை எடுத்துக்கொள்ளாத விமானிகளையெல்லாம் இது சேர்த்துக்கொண்டது. ஒரு கையையும் ஒரு கண்ணையும் இழந்த ஸ்டூவர்ட் கீத்-ஜாப் போன்றவர்கள் இதில் பறந்தார்கள். போர் முடிவதற்குள் 147 வகை விமானங்களில் 3 லட்சத்து 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்படைப்புகளைச் செய்து முடித்தார்கள். பெண் விமானிகள் மட்டும் 160-க்கும் மேல். அவர்கள் இல்லாமல் விமானப்படைக்கு விமானம் போய்ச் சேர்ந்திருக்காது.

ஏ.டி.ஏ.வில் சேர்ந்த இந்த முதல் எட்டுப் பெண்களைப் பற்றிச் செய்தி வந்ததும் எதிர்ப்பும் வந்தது. சி.ஜி. கிரே என்பவர் அன்றைய பெயர்பெற்ற விமானப் பத்திரிகையைத் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்தியவர். மருத்துவமனைத் தரையை ஒழுங்காகத் துடைக்கக்கூட அறிவில்லாத பெண், வேகமான குண்டுவீச்சு விமானத்தை ஓட்டத் தகுதி இருப்பதாக நினைத்துக்கொள்கிறாளே, அவள்தான் ஆபத்து என்று எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு இரண்டு மடங்கு கோபம் வந்தது. மருத்துவமனைத் தரையைத் துடைப்பது அறிவு தேவைப்படாத வேலை என்று அவருக்கு யார் சொன்னார்கள்? எந்த வார்டில் எந்தத் திரவம், எவ்வளவு நேரம் ஈரம் நிற்க வேண்டும், எந்த அறையைக் கடைசியில் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த துப்புரவுப் பணியாளர் இல்லாமல் நோய்த்தொற்று நிற்காது. அந்த வேலையையும் பெண்களையும் ஒரே வரியில் கீழே தள்ளிய எழுத்து அது.

கௌவர் பத்திரிகையில் சண்டைக்குப் போகவில்லை. டைகர் மாத் கொடுத்தார்களா, டைகர் மாத்தை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று எடுத்துக்கொண்டார். பனியில் விறைத்த கையோடு இறங்கிய பெண்கள், ‘எங்களால் இதைவிடப் பெரிய விமானத்தை ஓட்ட முடியுமே’ என்று குமுறியிருப்பார்கள். அவரும் குமுறியிருப்பார். ஆனால் அவர் செய்தது கணக்கு வைத்தது. எத்தனை விமானம் போய்ச் சேர்ந்தது, எத்தனை சேதமில்லாமல் சேர்ந்தது என்ற கணக்கு. அந்தக் கணக்கோடுதான் அவர் அடுத்த விமானத்தைக் கேட்டார், அது கிடைத்ததும் அதற்கு அடுத்ததை. 1941 ஜூலை 19 அன்று, முதல் எட்டுப் பேரில் ஒருவரான வினிஃப்ரெட் கிராஸ்லி ஹரிக்கேன் போர் விமானத்தை ஓட்டிக் காட்டினார். அன்றுவரை மூடியிருந்த வழி திறந்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானம், அதன் பிறகு இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள், கடைசியில் லெட்டிஸ் கர்டிஸ் முதலான சிலர் நான்கு எஞ்சின் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் வரை போனார்கள்.

இந்தப் பொறுமை அவருக்குத் தானாக வந்ததா என்று யோசித்திருக்கிறேன். டன்பிரிட்ஜ் வெல்ஸில் வசதியான வீட்டில் பிறந்தவர். அப்பா ராபர்ட் கௌவர் நாடாளுமன்ற உறுப்பினர். பள்ளிப் பருவத்தில் கடும் நோய் கண்டு உடல் தளர்ந்தது. பறப்பதில் அப்பாவுக்கு இஷ்டமில்லாததால், வயலின் சொல்லிக்கொடுத்து வந்த பணத்தில் விமானம் ஓட்டப் படித்தார். பிறகு அப்பாவே 21-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு சிறிய விமானம் வாங்கிக் கொடுத்தார். டாரதி ஸ்பைசர் என்ற பொறியாளரோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய், காசு வாங்கிக்கொண்டு மக்களை விமானத்தில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். பாலின் ஓட்டுவார், டாரதி எஞ்சினைக் கழற்றி மாட்டுவார். 30,000-க்கும் மேற்பட்ட பயணிகளை இப்படி ஏற்றி இறக்கியிருக்கிறார். வயலோரம் கூடாரம் போட்டுத் தங்கி, மழை வந்தால் வருமானம் இல்லாமல் உட்கார்ந்து, ஒரு பருவம் முழுக்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அனுபவம்தான் அவருடைய பொறுமைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அப்பாவின் செல்வாக்கு அவருக்கு உதவியது என்பதும் உண்மைதான். அமைச்சகத்தில் யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் செல்வாக்குள்ள வீட்டுப் பெண்கள் அன்று பலர் இருந்தார்கள். அதைத் தன்னோடு வந்தவர்களுக்காகச் செலவழித்தவர் இவர்.

கண்காட்சியில் என்னை அதிக நேரம் நிற்க வைத்த பொருள் ‘ஃபெர்ரி பைலட்ஸ் நோட்ஸ்’. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அட்டைகளை வளையத்தில் கோத்த சிறிய கட்டு. ஒரு வகை விமானத்துக்கு ஓர் அட்டை. கிளம்பும்போது எந்தக் கைப்பிடி எங்கே இருக்க வேண்டும், எந்த வேகத்தில் தரையை விட்டு எழும்பும், இறங்கும்போது என்ன வேகம், சக்கரத்தை எப்படி இறக்குவது, இந்த விமானத்துக்கே உரிய ஆபத்து எது, அவ்வளவுதான். இதைத் தயாரித்தது ஏ.டி.ஏ.வின் தொழில்நுட்பப் பிரிவு. காலையில் ஒரு ஸ்பிட்ஃபயர், மதியம் வாழ்நாளில் கண்ணாலும் பார்த்திராத இரட்டை எஞ்சின் விமானம் என்று அவர்கள் மாறி மாறி ஓட்ட முடிந்தது இந்த அட்டைக் கட்டினால்தான். விமானங்களை ஆறு வகுப்பாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு வகுப்பில் பயிற்சி பெற்றுவிட்டால், அந்த வகுப்பில் உள்ள எந்த விமானத்தையும் அட்டையைப் படித்துவிட்டு எடுத்துப் போகலாம்.

என் வார்டில் தினமும் நடப்பதும் இதுதான். ஆள் பற்றாக்குறையால் ஏஜென்சி நர்ஸ்கள், அதாவது வெளி நிறுவனம் வழியாகத் தற்காலிகமாக வருபவர்கள், வருவார்கள். நல்ல அனுபவசாலிகள். ஆனால் இந்த வார்டு அவர்களுக்குப் புதிது. கிராஷ் டிராலி என்ற அவசர சிகிச்சை வண்டி எந்த மூலையில் இருக்கிறது, நரம்பு வழியாக மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் இங்கே எந்த மாடல், அலாரம் அடித்தால் எந்தப் பொத்தான், கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் சாவி யாரிடம், இரவில் டாக்டரை அழைக்கும் பிளீப் (பேஜர்) எண் எது என்பது தெரியாமல் முதல் ஒரு மணி நேரம் தவிப்பார்கள். அறிமுகத்துக்கென்று ஒரு தடித்த கோப்பு இருந்தது. ஷிப்ட் தொடங்கும் பரபரப்பில் அதை யார் படிப்பார்கள்? முந்தைய ஷிப்ட் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவர் முடிவதற்குள் முதல் நோயாளி கூப்பிட்டுவிடுவார்.

நாங்கள் ஓர் அட்டை தயாரித்தோம். அதை எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் மற்றவர்கள் கேட்கும்போது நான் அதிகம் விளக்க வேண்டியிருப்பது இதைத்தான். புதிதாக வருபவருக்கு முதல் ஒரு மணி நேரத்தில் தேவைப்படுவதை மட்டும் எழுதினோம். பணிவிதி, நிர்வாக அமைப்பு, வரவேற்புரை எதுவும் இல்லை. கை எந்த வரிசையில் நகருமோ, அந்த வரிசையில் எழுதினோம். இந்த வார்டுக்கே உரிய ஆபத்தைத் தனியாகப் பெரிய எழுத்தில் போட்டோம். எங்கள் வார்டில் ஒரே மாதிரித் தோற்றமுள்ள இரண்டு வகைப் பம்ப்கள் இருந்தன, அதுதான் எங்கள் ஆபத்து. எழுதிய பிறகு எங்களுக்குள் படித்துப் பார்க்கவில்லை. வேறு தளத்திலிருந்து, இந்த வார்டில் கால் வைத்தே பழகாத ஒருவரை அழைத்து, அட்டையை மட்டும் கையில் கொடுத்து டிராலியைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். எங்கே தயங்கினாரோ அந்த வரியை மாற்றினோம். அட்டையில் தேதி இருக்க வேண்டும், அதற்கு ஒரே ஒருவர் பொறுப்பாளி என்றும் முடிவு செய்தோம். ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் இன்னொரு வரியை எடுத்தாக வேண்டும் என்றும் விதி வைத்தோம். கடைசி விதிதான் மிகக் கடினம். எல்லோரும் தங்களுக்கு முக்கியமானதைச் சேர்க்கத்தான் ஆசைப்படுவார்கள்.

ஏ.டி.ஏ.வில் இன்னொரு வழக்கம் இருந்தது. வானிலை சரியில்லை என்று விமானி நினைத்தால் பறக்க மறுக்கலாம். பறப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. மேகம் 800 அடிக்குக் கீழே இறங்கினாலோ, 2,000 கஜத்துக்கு அப்பால் தெரியாவிட்டாலோ கிளம்ப வேண்டியதில்லை என்பது அளவு. அவர்களிடம் ரேடியோ கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டே, ஆறும் ரயில் பாதையும் சாலையும் காட்டும் வழியில்தான் போக வேண்டும். விமானத்தைச் சேதமில்லாமல் சேர்ப்பதுதான் வேலை, வீரம் காட்டுவது வேலையில்லை என்று அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது.

இதன் முழு அர்த்தம் எனக்கு வானத்தில்தான் புரிந்தது. என் கணவர் பிறந்தநாள் பரிசாக ஒயிட் வால்தமில் ஒரு பயிற்சிப் பறப்புக்கு ஏற்பாடு செய்திருந்தார். இன்றும் அங்கே புல்தரையில்தான் ஓடி எழும்புகிறார்கள். ஹீத்ரோ விமான நிலையம் பக்கம் என்பதால் அதிக உயரம் போக முடியாது. பயிற்றுநர் வரைபடத்தை என் மடியில் வைத்து, ‘நாம் எங்கே இருக்கிறோம், சொல்லுங்கள்’ என்றார். தேம்ஸ் நதி தெரிந்தது, எம்4 நெடுஞ்சாலை தெரிந்தது, தளத்தை ஒட்டிப் போகும் ரயில் பாதை தெரிந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் என்னால் இடத்தைச் சொல்ல முடிந்தது. சிறிது நேரத்தில் மேற்கே மூட்டம் கூடியது. அவர் பேச்சை வளர்க்காமல் விமானத்தைத் திருப்பினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எனக்கு ஏமாற்றமாக இருக்குமே என்றும் பார்க்கவில்லை. அந்தத் திருப்பத்தை நான் மறக்கவில்லை.

வார்டில் ஒரு இளம் நர்ஸ், ‘இந்த மெஷினில் எனக்கு இன்னும் பயிற்சி முடியவில்லை, இந்த நோயாளியை நான் எடுக்க முடியாது’ என்று சொல்வது பறக்க மறுப்பதற்குச் சமம். நம் ஊரிலிருந்து வரும் பெண்களுக்கு இது மிகவும் கடினம். மறுத்தால் திறமையில்லாதவள் என்று நினைப்பார்களோ, விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்ற பயம். தன் தகுதியின் எல்லைக்குள் வேலை செய்ய வேண்டும் என்றுதான் இந்நாட்டு நர்சிங் கவுன்சிலின் நெறிமுறையும் சொல்கிறது. ஆனால் காகிதத்தில் இருப்பதால் யாருக்கும் துணிவு வந்துவிடாது. மறுத்தவருக்கு அடுத்து என்ன நடக்கிறது என்பதைத்தான் மற்றவர்கள் கவனிப்பார்கள். அதனால் என் வார்டில் யாராவது அப்படிச் சொன்னால், எல்லோரும் கேட்கும்படி நன்றி சொல்லிவிட்டு நோயாளியை மாற்றிக் கொடுக்கிறேன். அந்த வாரமே அவருக்குப் பயிற்சி போட்டுவிடுகிறேன். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால், மறுப்பவர் கடைசிவரை மறுப்பவராகவே நின்றுபோவார்.

ஏற்பாடுகள் எவ்வளவு இருந்தாலும் இழப்பு இருந்தது. ஆஸ்திரேலியா வரை தனியாகப் பறந்து உலகப் புகழ் பெற்ற ஏமி ஜான்சன், 1940-இல் ஏ.டி.ஏ.வில் சேர்ந்து, தன்னைவிடப் புகழ் குறைந்த பாலின் கௌவரின் கீழ் வேலை பார்த்தார். 1941 ஜனவரி 5 அன்று பிளாக்பூலிலிருந்து கிட்லிங்டனுக்கு ஆக்ஸ்ஃபர்ட் என்ற வகை விமானம் ஒன்றைக் கொண்டுபோனார். மோசமான வானிலை. பாதையிலிருந்து வெகுதூரம் விலகித் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்தார். காப்பாற்றக் குதித்த கப்பல் தளபதி வால்டர் ஃப்ளெட்சரும் இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவில்லை. ஏ.டி.ஏ.வின் பெண் விமானிகளில் குறைந்தது 15 பேர் போருக்குள் உயிரிழந்தார்கள். முதல் எட்டுப் பேரில் ஒருவரான மார்கரெட் ஃபேர்வெதரும் அவர்களில் உண்டு. ஒவ்வொரு இழப்புக்கும் மறுநாள் காலை மீதிப் பேருக்கு விமானம் பிரித்துக் கொடுக்க வேண்டிய கடமை கௌவருக்கு இருந்தது. கொரோனா காலத்தில் உடன் வேலை பார்த்தவரை இழந்த மறுநாள் ஷிப்ட் பட்டியல் போட்டவர்களுக்கு அது என்னவென்று தெரியும். இதில் பாடம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். 20 சதவீதக் குறைவை ஏற்றுக்கொண்டுதான் கௌவர் தொடங்கினார். அது தவறு என்று சிலர் வாதிடலாம். ஆனால் அவர் அதை மறக்கவில்லை. பெண்கள் போர் விமானங்களையும் குண்டுவீச்சு விமானங்களையும் ஓட்டிக்காட்டிய பிறகு, 1943-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஐரீன் வார்டு வழியாக அவையில் கேள்வி எழுந்தது. விமான உற்பத்தி அமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் சம ஊதியத்தை அறிவித்தார். ஒரே வேலை, ஒரே பதவி, ஒரே சம்பளம். அன்றைய பிரிட்டனில் அது அரிதிலும் அரிது. கிரிப்ஸ் என்ற பெயர் நமக்குப் பழக்கமானது. முந்தைய ஆண்டு அவரே தூதுக்குழுவோடு இந்தியாவுக்கு வந்து, பேச்சுவார்த்தை முறிந்து திரும்பியவர்.

இதைப் படித்த பிறகுதான் எங்கள் வார்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசினேன். இங்கே நர்ஸ்களின் சம்பளப் படிகளைப் பேண்ட் என்பார்கள். பேண்ட் 5 சம்பளத்தில் இருந்தபடி, அதற்கு மேல் படியான பேண்ட் 6 பொறுப்புகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் பலர். ஊரில் பார்த்த பல வருட அனுபவம் கணக்கிலேயே வரவில்லை. வெறும் மனக்குறையாகப் பேசினால் அனுதாபம் கிடைக்கும், உயர்வு கிடைக்காது. ஷிப்ட் பொறுப்பு எடுத்த நாட்கள், மாணவிகளுக்குக் கையெழுத்திட்டுச் சான்றளித்தது, அவசர நேரத்தில் ஒருங்கிணைத்தது என்று ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னேன். அன்றன்றைக்கே எழுத வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதினால் நிற்காது. அதைப் பேண்ட் 6-க்கான பணி விவரிப்போடு வரிக்கு வரி பொருத்தி, தொழிற்சங்கப் பிரதிநிதியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம். சிலருக்குக் கிடைத்தது. சிலருக்கு இன்னும் இழுபறி. கிடைக்காதவர்களும் எழுதுவதை நிறுத்தவில்லை.

கௌவரிடம் நான் மிகவும் மதிப்பது, எல்லாவற்றையும் தன் மேசையில் வைத்துக்கொள்ளாதது. பெண்களே நடத்திய தளங்கள் உருவாயின. சவுத்தாம்ப்டன் பக்கம் ஹாம்பிளில் மார்கோ கோர், காஸ்ஃபோர்டில் மரியன் வில்பர்ஃபோர்ஸ் தளபதிகளானார்கள். அன்றாட முடிவுகள் அவர்கள் கையில். கௌவர் மேலே இருந்து அமைச்சகத்தோடு மல்லுக்கட்டினார். தான் ஓட்டிப் பெயர் வாங்கக்கூடிய விமானங்கள் தளத்தில் நிற்க, அவர் கடிதங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். 1943-இல் அரசு விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் இயக்குநர் குழுவிலும் சேர்ந்தார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவரே.

1945-இல் திருமணம். அந்த நவம்பரில் ஏ.டி.ஏ. கலைக்கப்பட்டது. 1947 மார்ச்சில், இரட்டை ஆண் குழந்தைகளைப் பெற்றெடுத்தபின் இறந்துபோனார். வயது 36. நர்ஸாக இந்த வரியைக் கடந்துபோக எனக்கு முடிவதில்லை. அவ்வளவு ஏற்பாட்டுத் திறன் உள்ள ஒருவர் போருக்குப் பின்னான விமானத்துறையில் என்னென்ன செய்திருப்பார். ஏ.டி.ஏ. பெண்களுக்குப் பெரிய விமான நிறுவனங்கள் விமானி வேலை தர மறுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பேச ஆள் தேவைப்பட்ட நேரத்தில் அவர் இல்லை. உயிரோடு இருந்த ஏ.டி.ஏ.காரர்களுக்கு அரசு சட்டையில் குத்திக்கொள்ளும் நினைவு பேட்ஜ் கொடுத்ததே 2008-இல்தான்.

மெய்டன்ஹெட் பக்கம் வருபவர்கள் அந்தக் கண்காட்சிக்குப் போய் வாருங்கள். ஸ்பிட்ஃபயர் சிமுலேட்டரும் இருக்கிறது, பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். அங்குள்ள தன்னார்வலர்களிடம் அட்டைக் கட்டைப் பற்றிக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார்கள்.

எங்கள் வார்டு அட்டையின் பொறுப்பு இப்போது என்னிடம் இல்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த ஓர் இளம் நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள். சென்ற வாரம் வந்து, “அக்கா, இந்த ரெண்டு வரியும் இனி வேண்டாம். அந்தப் பழைய பம்ப்பையெல்லாம் எடுத்துட்டாங்க, இப்ப ஒரே மாடல்தான்” என்றாள். இரண்டும் நான் எழுதிய வரிகள். அடித்துவிட்டு, தேதியை மாற்றி, புதிய அட்டையை டிராலியில் மாட்டிவிட்டாள்.